பட்டினியா, மலேரியா மாத்திரையா? மைலோமா வந்த அப்புச்சிக்காகக் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் பயிரிடும் உங்கள் அப்புச்சிக்கு 68 வயது. மூன்று மாதங்களுக்கு முன்பு மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்து, வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போர்ட்டிசோமிப் ஊசி போடுகிறார்கள். கூடவே லெனலிடோமைடு மாத்திரையும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையும் உண்டு. சர்க்கரைக்கு வெகுநாளாக மாத்திரை எடுக்கிறார். இந்த நிலையில் குடும்பக் குழுவில் இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. செல் தன்னைத்தானே தின்னும் என்று கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது, ஆகவே மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் புற்றுநோயை உடம்பே தின்றுவிடும் என்று மாமா அனுப்பியிருக்கிறார். செல்லின் மறுசுழற்சியைத் தடுத்தால் புற்றுநோய் செத்துவிடும், அதைச் செய்வது ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை, மூட்டுவாதத்துக்கு வாங்கியது வீட்டிலேயே இருக்கிறது என்று சித்தி சொல்கிறார். எதை முதலில் தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஊசிக்கு மேல் நாங்கள் செய்யவேண்டிய ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டுக்கொண்டிருக்கிறோமா? நான் பதில் சொல்ல நினைப்பது அதற்குத்தான். கோயம்புத்தூரில் 19 ஆண்டுகளாக இரத்தப் புற்றுநோய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். அப்புச்சியின் ரிப்போர்ட்டுகளை நான் பார்த்ததில்லை. அதனால் அளவு, மாற்றம் என்று எதைச் செய்வதானாலும் அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். மாமா சொல்வதும் சித்தி சொல்வதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பட்டினி செல்லின் தன்னுண்ணலை, அதாவது தன்னைத்தானே தின்று மறுசுழற்சி செய்வதை, தூண்டிவிடும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதே தன்னுண்ணலை முடக்கும். இரண்டும் ஒரே நோயை ஒரே வழியில் குணமாக்கும் என்று நம்ப முடியாது. இதற்காக உங்கள் வீட்டாரைக் குறை சொல்லமாட்டேன். செல்லின் மறுசுழற்சி புற்றுநோய்க்குப் பகையா, துணையா என்று ஆராய்ச்சியாளர்களே இருபது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதத்தின் இரண்டு பாதிகள்தான் இரண்டு செய்திகளாக உங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

என் அப்பா வெள்ளகோவில் பக்கம் ஒரு கழிவுப் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணி மூட்டை மூட்டையாக அங்கே வரும். பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். எந்திரம் அதைக் கிழித்துப் பஞ்சாக்கும். அந்தப் பஞ்சு ஓப்பன் எண்டு மெஷினில் நூலாகிப் போர்வைக்கும் கால்மிதிக்கும் போகும். செல்லுக்குள்ளும் இப்படி இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று சில்லறை வேலைக்கு. கெட்டுப்போன அல்லது வேலை முடிந்த ஒவ்வொரு புரதத்தின் மேலும் யுபிகுவிட்டின் என்ற சிறு சீட்டு ஒட்டப்படும். சீட்டு ஒட்டிய புரதம் புரோட்டியசோம் என்ற பீப்பாய் போன்ற எந்திரத்துக்குள் போய்த் துண்டு துண்டாக வெளியே வரும். மற்றது மொத்த வேலைக்கு. பழுதான உறுப்பையோ புரதக் குவியலையோ இரட்டைச் சவ்வாலான ஒரு பை சுற்றி வளைத்து மூட்டை கட்டி, லைசோசோம் என்ற அமில அறையில் கொண்டுபோய்க் கொட்டும். அங்கே எல்லாம் கரைந்து மூலப்பொருளாகித் திரும்பி வரும். இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குத்தான் ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று பெயர். உங்கள் மாமாவும் சித்தியும் பேசுவது இதைப் பற்றி. அப்புச்சிக்குப் போடும் ஊசி வேலை செய்வது முதலாவதில்.

நோபல் பரிசுச் செய்தி பொய் இல்லை. லைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டூவ் 1963இல் தன்னுண்ணலுக்குப் பெயர் வைத்தார், 1974இல் நோபல் பெற்றார். யோஷினோரி ஓசுமி 1990களின் தொடக்கத்தில் ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, அவற்றுக்குள் மூட்டைகள் சேர்வதை நுண்ணோக்கியில் பார்த்தார். அந்த வேலைக்குத் தேவையான மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். 2016இல் அவருக்குப் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. மனிதர் பட்டினி கிடந்தால் புற்றுநோய் தீரும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை, அவருடைய ஆய்வுகளும் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையின் பெருமை குறைந்ததல்ல. செல்லின் குப்பைக்கூடை என்று யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்த இடத்தில் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று காட்டியவர் அவர்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள செல்லில் தன்னுண்ணல் காவல்காரன். பழுதான பொருள் குவியாமல் பார்த்துக்கொள்வதால் செல் கெட்டுப்போகும் வாய்ப்பு குறைகிறது. பெத் லெவின் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு பெக்லின் 1 என்ற மரபணுவை இதனோடு இணைத்துக் காட்டியது. அந்த மரபணுவின் ஒரு பிரதி இல்லாத எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வருவதாக 2003இல் ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால் கட்டி ஒருமுறை வேரூன்றிவிட்டால் கதை திரும்பிவிடுகிறது. இரத்த ஓட்டம் எட்டாத இடத்தில், உணவும் பிராணவாயுவும் போதாமல் வளரும் புற்றுநோய்ச் செல்லுக்குத் தன்னுண்ணல் பஞ்சகாலத்துக் களஞ்சியம். கணையப் புற்றுநோய்ச் செல்கள் சிலவற்றால் அது இல்லாமல் வளரவே முடியவில்லை என்று 2011இல் வந்த ஆய்வுகள் காட்டின. பஞ்சு விலை ஏறி நூற்பாலைகள் திணறும் காலத்தில் கழிவுப் பஞ்சை வைத்துப் பிழைக்கும் மில்லை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். வெளியே பஞ்சம் என்றால் அந்த மில் இன்னும் கூடுதலாக ஓடும். ஆகவே, வேரூன்றிய புற்றுநோயைப் பட்டினி போட்டால் அது சாகும் என்று மட்டும் எண்ணக்கூடாது. உள்ளே கிடக்கும் பழையதைத் தின்று இன்னும் கெட்டியாகத் தாக்குப்பிடிக்கவும் கூடும்.

பட்டினியை வைத்து மனிதர்களிடம் ஆய்வே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய் வந்த 131 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கீமோ கொடுக்கும் நாட்களை ஒட்டிப் பட்டினிக்கு நிகரான மிகக் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவில், ஸ்கேனில் கட்டி சுருங்கியது அந்தப் பிரிவில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. அறுவைக்குப் பின் திசுவை ஆராய்ந்து பார்த்தபோது கட்டி முழுவதும் மறைந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. உணவைக் குறைக்க ஒப்புக்கொண்ட பெண்களில் பெரும்பாலோர் எல்லாச் சுற்றுகளையும் முடிக்கவும் இல்லை. இது நம்பிக்கைக்கு இடமிருக்கும் ஆராய்ச்சி, இன்னும் வைத்தியமாகவில்லை. கண்காணிப்பில், தண்ணீரோடு, திட்டமிட்ட உணவோடு நடந்தது அது. அதையும் மூன்று நாள் வறண்ட பட்டினியையும் ஒரே பெயரில் அழைப்பதே தவறு.

மற்ற நோயாளிகளுக்கு எப்படியோ, மைலோமா நோயாளிக்கு வறண்ட பட்டினி ஆபத்து. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மைலோமா செல்கள் நோய் எதிர்ப்புப் புரதத்தின் துண்டுகளை இரத்தத்தில் கொட்டுகின்றன. அவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் தாராளமாகப் போனால் அந்த அடைப்பு குறையும். இதயமும் சிறுநீரகமும் அனுமதித்தால் நாளுக்கு மூன்று லிட்டர் வரை குடிக்கச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, சிகிச்சையில் நன்றாகத் தேறிவந்த ஒருவர் கோடைக்காலத்தில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு என்னிடம் வந்தார். நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளினால் அந்த மடிப்பு அப்படியே நின்றது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் முந்தைய மாதத்து அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வாரக்கணக்கில் போராடி ஓரளவு மீட்டோம், முழுதாக மீளவில்லை. அவரும் நோபல் பரிசுச் செய்தியைப் படித்துத்தான் அப்படி இருந்தார். அப்புச்சிக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் எடுக்கும் நாளில் சர்க்கரை ஏறும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். லெனலிடோமைடு இரத்தக் கட்டு உண்டாக்கக்கூடிய மருந்து, உடலில் நீர் வற்றினால் அந்த அபாயமும் கூடும். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார், காரணம் தெரிந்தால் ஒப்புக்கொள்வார்.

சித்தி சொல்லும் மாத்திரைக்கு ஆராய்ச்சிப் பின்னணி கூடுதல். ஹைட்ராக்சிகுளோரோகுயின் லைசோசோமின் அமிலத்தைக் குறைத்துவிடும். மூட்டை வந்து சேரும், கரையாது. அப்படியானால் பஞ்சகாலத்துக் களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டதாக ஆகாதா? கருத்து நல்ல கருத்துதான். சோதித்தும் பார்த்தார்கள். முற்றிய கணையப் புற்றுநோய் வந்த 112 பேரில் ஒரு பாதிக்குக் கீமோ மட்டும், மறு பாதிக்குக் கீமோவோடு இந்த மாத்திரை. 2019இல் வெளிவந்த முடிவில், ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 41 விழுக்காடு, மாத்திரை இல்லாத பிரிவில் 49 விழுக்காடு. கட்டி சுருங்கியவர்கள் மட்டும் மாத்திரைப் பிரிவில் அதிகம், 21க்கு 38 விழுக்காடு. கட்டி சுருங்கியும் ஆயுள் நீளவில்லை. அந்த முரணைத்தான் இந்தத் துறை இன்னும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறது. மாத்திரையின் அளவு போதாமல் தன்னுண்ணல் சரியாக முடங்கவில்லை என்கிறார்கள் ஒரு சாரார். எல்லாப் புற்றுநோயும் அதை நம்பிப் பிழைப்பதில்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவது விளக்கத்தில் நம்பிக்கை அதிகம், ஆனால் அது என் கணிப்பு மட்டுமே.

மைலோமாவிலும் பார்த்தார்கள். போர்ட்டிசோமிப் புரோட்டியசோமை அடைத்தால் செல் தன் கழிவைத் தன்னுண்ணல் பக்கம் திருப்பிவிடும், ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்தால் என்ன என்று கேட்டு, வேறு மருந்துகளுக்குப் பிடிகொடுக்காத 25 நோயாளிகளுக்குப் போர்ட்டிசோமிப்போடு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தார்கள். 2014இல் முடிவு வந்தது. சேர்த்துக் கொடுக்க முடிகிறது, சிலருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது முதல் கட்ட ஆய்வு. எவ்வளவு கொடுத்தால் தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம், கூடுதல் பலன் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. அங்கிருந்து இது நடைமுறைச் சிகிச்சையாக வளரவில்லை. மூட்டுவாதத்துக்குக் கொடுப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு வரை அங்கே கொடுக்கப்பட்டது என்பதையும் சித்தி தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாத்திரை இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பும், சர்க்கரையை இறக்கும், நாள்பட எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கும். வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். சித்தியின் மூட்டுக்கு எழுதிக் கொடுத்தது சித்திக்கே இருக்கட்டும்.

நான் மிகவும் சொல்ல விரும்புவது இனிமேல்தான் வருகிறது. செல்லின் மறுசுழற்சியைத் தாக்கிப் புற்றுநோயை மடக்கும் வைத்தியம் உங்கள் அப்புச்சிக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அவர் வயிற்றில் ஏறும் அந்த ஊசி அதுதான். மைலோமா செல் என்பது எதிர்ப்புப் புரதம் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட பிளாஸ்மா செல் தறிகெட்டுப் போனது. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் புரதம் செய்கிறது. இவ்வளவு உற்பத்தி நடந்தால் கோணல்மாணலாக மடிந்த பழுதுகளும் ஏராளமாகத்தான் விழும். அவற்றை உடனுக்குடன் அப்புறப்படுத்த அந்தச் செல் புரோட்டியசோமை நம்பியே இருக்கிறது. இரவு பகலாக ஓடும் கட்டிங் அறையில் ஒரே நாள் வேஸ்ட்டை வெளியேற்றாமல் விட்டுப் பாருங்கள், மேசையருகே நிற்கக்கூட இடம் இருக்காது. போரான் அணுவைத் தாங்கிய போர்ட்டிசோமிப் அந்தப் பீப்பாயின் வெட்டும் இடத்தில் போய் அமர்ந்து அடைத்துக்கொள்கிறது. பழுதுகள் குவிந்து மைலோமா செல் மூச்சுத் திணறிச் சாகிறது. மற்ற செல்களும் திணறும், ஆனால் அவற்றின் உற்பத்தி குறைவு. சில நாட்களில் புரோட்டியசோம் மீண்டுவிடுவதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2003இல். யுபிகுவிட்டின் சீட்டு முறையைக் கண்டுபிடித்த ஆரோன் சீகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் வந்தது அடுத்த ஆண்டு, 2004இல். ஆக, உங்கள் மாமா நோபல் பரிசின் பெயரால் ஒன்றைத் தேடினார் என்றால், அது அப்புச்சியின் மருந்துச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

லெனலிடோமைடும் அதே குடும்பத்து வேலைதான் செய்கிறது, வேறு கோணத்தில். அது செரிப்ளான் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, மைலோமா செல் உயிர்வாழத் தேவையான இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களின் மேல் சீட்டு ஒட்டவைத்துப் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடுகிறது. இங்கே ஒரு புதிர் எழும். ஒரு மருந்து எந்திரத்தை அடைக்கிறது, இன்னொரு மருந்துக்கு அதே எந்திரம் ஓட வேண்டும். பிறகு எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன? அடைப்பு முழுமையானதல்ல, தொடர்ந்து நிற்பதும் இல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது மட்டும் போதுமா என்பது பற்றி இன்னும் பேச்சு இருக்கிறது. ஆனால் சேர்த்துக் கொடுத்தால் நோயாளிகள் கூடுதல் காலம் நன்றாக இருக்கிறார்கள் என்பது பெரிய ஒப்பீட்டு ஆய்வில் உறுதியாகத் தெரிந்த விஷயம். விளக்கம் தெளிவாகும் முன்பே பலன் உறுதியாவது மருத்துவத்தில் நடக்கிற ஒன்றுதான்.

ஆகவே, செய்யாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை, கவனிக்க நிறைய இருக்கிறது. அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு, முட்டை, மோர் என்று அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள். உடம்பு இளைக்கவிடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். முதுகு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிவிடாதீர்கள், சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. மஞ்சள் விளைவிப்பவர் வீட்டுக் குழம்பில் மஞ்சள் போடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் குர்குமின் கேப்சூல் எதுவும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் போர்ட்டிசோமிப்பின் போரானைப் பிடித்து மருந்தையே செயலிழக்கச் செய்வதாக 2009இல் ஆய்வுக்கூடச் செல்களிலும் எலிகளிலும் கண்டார்கள். வைட்டமின் சி பற்றியும் அதே போன்ற எச்சரிக்கை உண்டு. மனிதர்களிடம் இவை உறுதியாகவில்லை, இருந்தாலும் ஊசி போடும் நாளிலும் அதற்கு முந்தைய பிந்தைய நாட்களிலும் கிரீன் டீ, வைட்டமின் சி மாத்திரை, டம்ளர் கணக்கில் நெல்லிச்சாறு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறேன். சாப்பாட்டோடு ஒரு நெல்லி ஊறுகாய்த் துண்டுக்குப் பயப்பட வேண்டாம்.

இந்த ஊசி போடுகிறவர்களுக்கு அக்கி வரலாம். அதைத் தடுக்க அசைக்ளோவிர் மாத்திரை எழுதியிருக்கிறார்களா என்று சீட்டில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். ஊர்ப்பக்கம் அக்கி வந்தால் காவி குழைத்து அக்கி எழுதிவிட்டு வருவது வழக்கம். எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொப்புளம் தெரிந்த முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கியாக வேண்டும், எழுதிவிட்டுக் காத்திருந்து அந்த நாட்களைத் தொலைத்துவிடுகிறார்கள்.

கடைசியாகக் கால். போர்ட்டிசோமிப் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். முன்பு இரத்தக்குழாயில் ஏற்றியபோது நூற்றுக்கு 53 பேருக்கு மரத்துப்போதல் வந்தது, தோலுக்கு அடியில் போட்டபோது 38 பேருக்கு வந்தது என்று 2011இல் வெளியான ஓர் ஒப்பீடு சொன்னது. குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. வயலில் நின்றே பழகிய ஆண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். ஒரு செருப்பு கழன்று நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது, வாசல் வரை போயும் அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். முதலிலேயே தெரிந்தால் அளவைக் குறைத்தோ ஊசி நாட்களைத் தள்ளிவைத்தோ சமாளிக்கலாம், சிகிச்சை நிற்காது. காலம் கடந்தால் நல்ல மருந்தையே நிறுத்த வேண்டி வரும். இன்று இரவு அப்புச்சி படுத்த பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு துளிப் பஞ்சை எடுத்துக் கால் பெருவிரலில் தொடுங்கள். எந்தக் கால், எந்த விரல் என்று கேளுங்கள். அவர் தயங்கினால், அடுத்த ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.